இயற்பியலை விட்டுவிடலாமா? மூன்றாமாண்டு மாணவி ஒருவருக்குப் பதில்

பெயரையும் கல்லூரியையும் குறிப்பிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன், இயற்பியல் இளநிலை மூன்றாமாண்டில் படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கருந்துளைகளைப் பற்றியும் பேரண்டத்தின் தோற்றத்தைப் பற்றியும் பள்ளி நாட்களிலிருந்தே தேடித் தேடிப் படித்தவர். கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு இந்தப் படிப்பில் சேர்ந்தவர். முதலாண்டில் 88 மதிப்பெண் வரை எடுத்த அவர், இரண்டாமாண்டில் குவாண்டம் இயக்கவியல் தாளில் 54 மட்டுமே பெற்றார். அன்றிலிருந்து ‘எனக்கு இதற்கான மூளை இல்லை’ என்ற நினைப்பு தன்னை விடவில்லை என்கிறார். செய்முறை வகுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அளவீடுகளை ஆராய்வதற்கு நிரல் எழுதுவது பிடித்திருக்கிறது. உடன் படித்தவர்களில் இருவர் கணினித் துறைக்கு மாறிவிட்டார்கள். ‘இயற்பியல் படித்தால் ஆசிரியர் வேலையைத் தவிர வேறென்ன கிடைக்கும்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இதற்கிடையில், ஒரு பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் 8 மாதம் உழைத்திருக்கிறார். மெல்லிய படலங்களின் மின்தடை அளவீடுகளில் பிழையானவற்றைப் பிரித்தெடுக்கும் முறையைத் தானே யோசித்து, அதற்கான நிரலை எழுதி, இரண்டு வரைபடங்களையும் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். அந்த வரைபடங்களைத் தாங்கிய கட்டுரை ஆய்விதழுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அவர் பெயர் ஆசிரியர் பட்டியலிலும் இல்லை, நன்றியுரையிலும் இல்லை. அதே பேராசிரியரிடம்தான் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும் என்பதால் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். கணினித் துறைக்கு மாறிவிடலாமா, முதுநிலை படித்த பிறகு முனைவர் பட்டத்துக்குப் போவதா அல்லது நேரடியாகப் போவதா, பெயர் விடுபட்டதைப் பற்றிக் கேட்கலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அடியில் நீங்கள் கேட்காமல் விட்ட நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. ‘எனக்கு இது வருமா?’ என்பதே அது. மற்ற மூன்றையும் நீங்கள் அதன் நிழலில் நின்று கேட்கிறீர்கள் என்பதால் முதலில் அதற்கு வருகிறேன்.

அந்த 54 எதைச் சொல்கிறது?

முதலாண்டில் படிக்கும் விசையியலையும் மின்னியலையும் பெரும்பாலான மாணவர்கள் பள்ளியிலேயே ஓரளவு சந்தித்திருப்பார்கள். குவாண்டம் இயக்கவியலோ, பொருளும் புதிது, அதைச் சொல்லும் மொழியும் புதிது என்றாகும் முதல் தாள். கலப்பெண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியர் தொடர், நேரியல் இயற்கணிதத்தின் ஐகன் மதிப்புகள் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் கைவசம் இருக்க வேண்டும். நேரியல் இயற்கணிதத்தை அதே பருவத்தில்தான் படித்ததாக நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரி அதுதான். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் செய்யுளுக்குப் பொருள் கேட்டால் அவர் தடுமாறத்தான் செய்வார். அதை வைத்து அவருக்குக் கவிதை வராது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

ஆகவே முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். விடைத்தாளைத் திரும்பப் பெற முடிந்தால், இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: கணக்கில் வழுக்கியவை, இயற்பியலைச் சமன்பாடாக மாற்றத் தெரியாமல் போனவை, நேரம் போதாமல் விட்டவை. விடைத்தாள் கிடைக்காவிட்டால், முடிவிலாச் சுவர்களுக்கு இடையில் அடைபட்ட துகள் ஒன்று முதலிரண்டு ஆற்றல் நிலைகளின் சமக் கலவையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதன் சராசரி இடம் காலத்தோடு எப்படி மாறுகிறது என்பதைப் புத்தகத்தைத் திறக்காமல் கணக்கிட்டுப் பாருங்கள். தொகையீட்டில் மாட்டிக்கொண்டால் உங்கள் குறை கணிதப் பயிற்சியில் இருக்கிறது. மூன்று மாத உழைப்பில் அதைச் சரிசெய்யலாம். அந்தச் சராசரி ஏன் ஊசலாட வேண்டும், அதன் அதிர்வெண் ஏன் இரண்டு ஆற்றல்களின் வேறுபாட்டைச் சார்ந்திருக்கிறது என்பதில் மாட்டிக்கொண்டால் கருத்தில் இடைவெளி இருக்கிறது. யாரோடாவது உட்கார்ந்து பேசித்தான் அதை அடைக்க முடியும். தாளில் விடை சரியாக வந்து, அது ஏன் அப்படி வருகிறது என்ற கேள்வி இரவு வரை உங்களைத் துரத்தினால், 54 என்ற எண்ணை மறந்துவிடலாம்.

‘கோட்பாடு மேதைகளுக்கு உரியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வானியற்பியலர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்கிட்டதை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதத்தை யாரும் சொல்வதில்லை. விண்மீன்களின் அமைப்பு, கதிர்வீச்சு பரவும் விதம், பாய்மங்களின் நிலைத்தன்மை, கருந்துளைகளின் கணிதம் என்று ஒவ்வொரு துறையாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதிலேயே உழைத்து, முழுமையான ஒரு நூலாக எழுதி முடித்த பிறகே அடுத்த துறைக்குப் போனார். கப்பல் கதையைவிட இந்த உழைப்பு முறையில்தான் உங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கருந்துளைமீது ஆசையும், கருந்துளை பற்றிய வேலையும்

மாணவர்கள் பெரும்பாலும் ஆய்வுப் பொருளைப் பார்த்தே துறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கருந்துளை, பெருவெடிப்பு, கரும்பொருள் ஆகிய பெயர்களுக்கு ஈர்ப்பு உண்டு. ஆனால் ஆய்வாளராக நீங்கள் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து செய்யப்போவது ஒரு வேலை. அந்த வேலையின் தன்மையைப் பெயரிலிருந்து அறிந்துகொள்ள முடியாது.

கால-வெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகள் இருக்க வேண்டும் என்று ஐன்ஸ்டைன் 1916-இல் கணித்தார். இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலையை, அமெரிக்காவில் அதற்கென்றே அமைக்கப்பட்ட லைகோ (LIGO) கருவிகள் 2015 செப்டம்பர் 14 அன்று பதிவுசெய்தன. இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவியின் கரங்களில், புரோட்டானின் விட்டத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய நீள மாற்றத்தை அளக்க வேண்டியிருந்தது. லேசரைச் சீராக வைத்திருப்பதில் ஒரு கூட்டம், நில அதிர்வு கண்ணாடிகளை அசைக்காமல் காப்பதில் ஒரு கூட்டம், இரைச்சலுக்குள் புதைந்த சைகையைப் பிரித்தெடுப்பதில் ஒரு கூட்டம் என்று பலர் வாழ்நாளையே செலவிட்டார்கள். இணையும் கருந்துளைகள் எப்படிப்பட்ட அலையை எழுப்பும் என்பதைத் தாளில் எழுதித் தீர்க்க முடியாது; ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கணினியில் நிலைகுலையாமல் ஓடவைக்கப் பல ஆண்டுகள் பலர் முயன்று, 2005-இல் ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ்தான் முதன்முறையாக இரு கருந்துளைகள் சுற்றிவந்து இணைவதை முழுமையாகக் கணித்துக் காட்டினார். இவர்கள் எல்லோரும் கருந்துளையைப் பற்றித்தான் ஆய்வு செய்தார்கள். ஆனால் ஒருவரின் அன்றாடமும் மற்றவரின் அன்றாடமும் வேறு வேறு.

ஆகவே ‘கோட்பாடா, செய்முறையா’ என்று இரண்டு கதவுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்களுக்குப் பிடித்ததாக நீங்களே எழுதியிருப்பது மூன்றாவது கதவு: அளவீட்டையும் கோட்பாட்டையும் கணினி வழியாக இணைக்கும் வேலை. இன்று வானியற்பியல், திண்மநிலை இயற்பியல், துகள் இயற்பியல் ஆகிய அனைத்திலும் அந்த வேலை நடுநாயகமாக இருக்கிறது. செய்முறை வகுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விடை முன்பே தெரிந்த சோதனையை, குறித்த நேரத்துக்குள், எழுதிவைத்த படிகளின்படி செய்து முடிப்பதற்கும், யாருக்கும் விடை தெரியாத ஓர் அளவீட்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை அதிகமில்லை. முன்னதை வைத்துப் பின்னதை வெறுத்துவிடாதீர்கள். பிழையான அளவீடுகளைப் பிரிக்க நீங்களாகவே ஒரு முறையை யோசித்தீர்களே, அது செய்முறை இயற்பியலரின் மூளை செய்கிற வேலை.

வீட்டாரின் கேள்விக்கு

அவர்களுடைய கவலை நியாயமானது, தகவல்தான் பழையது. ஆசிரியப் பணியைக் குறைவாக நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்திருந்தால் உங்கள் 54-க்கே இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில், நோயாளியின் உடலில் எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு போக வேண்டும் என்பதைத் திட்டமிட்டு, கருவி அதையே தருகிறதா என்று அளந்து உறுதிசெய்பவர் மருத்துவ இயற்பியலர். தரப்படும் அளவு 5 விழுக்காட்டுக்கு மேல் பிசகக் கூடாது என்பது அத்துறையில் நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. பல நாடுகளில் இதற்கு முதுநிலைப் பட்டமும், அதன் பின் மருத்துவமனையில் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் தேவை. மிக நுண்ணிய கணினிச் சில்லுகளை அச்சிடும் இயந்திரங்களில், உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்குச் சுமார் 50,000 முறை லேசரால் அடித்து 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உண்டாக்குகிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது பிளாஸ்மா இயற்பியலும் ஒளியியலும். நிதித் துறையில் பங்குகள் சார்ந்த விருப்ப ஒப்பந்தங்களின் விலையைக் கணக்கிட 1973-இல் வெளிவந்த பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டை மாறிகளைச் சற்று மாற்றி எழுதினால், நீங்கள் இரண்டாமாண்டில் தீர்த்த வெப்பப் பரவல் சமன்பாடுதான் வந்து நிற்கும். செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒன்றான, ஜான் ஹாப்ஃபீல்டு 1982-இல் முன்வைத்த நரம்பு வலையமைப்பு, காந்தப் பொருள்களில் அணுக்களின் தற்சுழற்சி ஒழுங்குபடும் விதத்தை விளக்கும் இயற்பியலிலிருந்து எடுத்தது. 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் வழங்கப்பட்டது.

ஆனால் வீட்டாரிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். முனைவர் பட்டம் பெறுகிறவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பல்கலைக்கழகங்களில் நிரந்தர ஆய்வுப் பணியிடங்கள் மிகக் குறைவு. தூய கோட்பாட்டில் அது இன்னும் குறைவு. பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று தற்காலிகப் பணிகளில் ஊர் ஊராகப் போக நேர்வது இத்துறையில் இயல்பு. அந்தப் பாதையில் போகிறவர், அது முடியாமல் போனால் வேறெதில் கால் ஊன்றுவோம் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்களைப் பொறுத்தவரை, நிரல் எழுதும் திறன் அப்படி ஒரு ஊன்றுகோல்.

கணினித் துறைக்கு மாறுவது

மாறுவது தோல்வி ஆகாது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றபின் உயிரியலைப் புதிதாக மாணவராகச் சேர்ந்து படித்தார். 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உயிரியலின் கேள்விகள் அவரை இழுத்தன. நீங்கள் மாறுவதற்கு எழுதியிருக்கும் காரணங்களோ வேறு: ஒரு மதிப்பெண், இரண்டு நண்பர்கள், வீட்டாரின் ஒரு கேள்வி. கணினி அறிவியலில் உங்களை ஈர்த்த ஒரு கேள்வியைக்கூடக் கடிதத்தில் நான் காணவில்லை.

இப்போது மாறினால் ஓராண்டோ அதற்கு மேலோ பின்னுக்குப் போக நேரலாம். பட்டத்தை முடித்த பிறகு மாறுவதானால், இயற்பியல் பட்டதாரிகளை முதுநிலையில் சேர்த்துக்கொள்ளும் கணினிப் படிப்புகள் பல இருக்கின்றன. இருக்கும் ஓராண்டில் விருப்பப் பாடங்களாகத் தரவுக் கட்டமைப்புகள், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டால் இரண்டு வழியும் திறந்தே இருக்கும். ‘இயற்பியல் படித்தவர் எதையும் செய்துவிடுவார்’ என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேலை தருகிறவர் உங்களால் எதைக் காட்ட முடிகிறது என்றுதான் பார்ப்பார். நீங்கள் எழுதிய நிரலை ஒழுங்குபடுத்தி, விளக்கக் குறிப்புகளோடு, குழுவின் அனுமதி பெற்றுப் பிறர் பார்க்கும்படி வையுங்கள்.

முதுநிலையா, நேரடி முனைவர் பட்டமா?

இதற்கு விடை பெரும்பாலும் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் இளநிலைக்குப் பிறகே முனைவர் படிப்பில் சேரலாம். முதல் இரண்டு ஆண்டுகள் பாடங்களோடு தொடங்கி, முடிக்கப் பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் முதுநிலை முடித்திருக்க வேண்டும். அதன் பின் 3 அல்லது 4 ஆண்டுகள். உங்கள் நிலையில், குவாண்டம் இயக்கவியலைச் சரியான கணித அடித்தளத்தோடு மறுபடி படிக்கவும், கோட்பாடு பிடிக்கிறதா கணிப்பு முறை பிடிக்கிறதா என்று ஓர் ஆய்வேட்டின் மூலம் அறிந்துகொள்ளவும் முதுநிலை வாய்ப்புத் தரும் என்பதால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். எப்படிச் சேர்ந்தாலும், உதவித்தொகையோ ஊதியமோ இல்லாத முனைவர் இடத்தை ஏற்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவருடைய மாணவர்களிடமே தனியாகக் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுபட்ட பெயர்

இளநிலை மாணவர்களுக்கு ஆசிரியர் பட்டியலில் இடம் கிடையாது என்று எண்ணுகிறீர்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. ஆய்வின் கருத்துருவாக்கம், வடிவமைப்பு, செயலாக்கம், விளக்கம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க பங்களித்த அனைவருக்கும் ஆசிரியராகும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும், பிற வகையில் உதவியவர்களுக்கு நன்றியுரையில் இடம் தர வேண்டும் என்று அமெரிக்க இயற்பியல் கழகத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. அங்கே படிப்போ பதவியோ அளவுகோல் இல்லை. பல ஆய்விதழ்கள் இப்போது ஒவ்வோர் ஆசிரியரின் பங்கையும் 14 வகைகளாகப் பிரித்துக் கேட்கின்றன. மென்பொருள் உருவாக்கமும் காட்சிப்படுத்தலும் அந்த வகைகளில் தனித்தனியே இருக்கின்றன.

அதே நேரத்தில், எட்டு மாத உழைப்பே உரிமையைத் தந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பிறர் வகுத்த முறையை அவர் சொன்னபடி நிரலாக்கிக் கொடுத்திருந்தால் நன்றியுரையே பொருத்தம் என்று ஒருவர் வாதிடலாம். நீங்கள் எழுதியபடி பிரித்தெடுக்கும் முறையே உங்கள் யோசனை என்றால், கட்டுரையின் முடிவுகள் அதைச் சார்ந்திருந்தால், ஆசிரியராகும் கோரிக்கைக்கு வலு இருக்கிறது. எதுவும் இல்லாமல் விட்டது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

இருந்தாலும் வஞ்சகம் என்று தொடங்க வேண்டாம். கட்டுரையை எழுதியவர் வேறொருவராகவும், உங்கள் பங்கு அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். அவசரத்தில் விடுபடுவதும் நடக்கிறது. முதலில் உங்கள் குறிப்பேடு, நிரலின் தேதியிட்ட பிரதிகள், அந்த முறையைப் பற்றிப் பேசிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்துவையுங்கள். பிறகு பேராசிரியரை நேரில் சந்திக்க நேரம் கேட்டு, ஏறக்குறைய இப்படி எழுதுங்கள்: ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நம் கட்டுரை அனுப்பப்பட்டதில் மகிழ்ச்சி. பிழையான அளவீடுகளைப் பிரிக்கும் முறையையும் 2, 4 ஆகிய படங்களையும் நான் உருவாக்கியதால், என் பங்களிப்பு கட்டுரையில் எவ்வாறு குறிப்பிடப்படும் என்பதைப் பற்றித் தங்களிடம் பேச விரும்புகிறேன். தங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவித்தால் வந்து சந்திக்கிறேன்.’ படங்களின் எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லாத, ஆனால் பதில் சொல்லாமல் கடந்துபோக முடியாத கடிதம் இது.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிலர் கோபப்படுவார்கள், பரிந்துரைக் கடிதம் குளிர்ந்துபோகலாம். உங்களுக்குச் சாதகமாக எழுதும்படி யாரையும் கட்டாயப்படுத்த உங்களுக்கு உரிமை கிடையாது என்பதும் உண்மை. அதனால்தான் ஒரே கடிதத்தை நம்பியிருக்காமல், குழுவில் உங்களோடு நேரடியாக வேலை செய்த மூத்த ஆய்வாளர் ஒருவரையும், உங்களுக்கு நல்ல மதிப்பெண் தந்த பாட ஆசிரியர் ஒருவரையும் இப்போதே அணுகச் சொல்கிறேன். பேராசிரியர் மறுத்தால் அந்த மூத்த ஆய்வாளரிடமும், அதற்குப் பின் துறையின் ஆய்வு நெறிமுறைகளைக் கவனிப்பவரிடமும் போகலாம். ஆய்விதழுக்கு நேரடியாக எழுதுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் விவகாரத்தை நிறுவனத்திடமே திருப்பி அனுப்புவார்கள். கட்டுரையில் பெயர் இல்லாமலே முதுநிலையில் இடம் பெறுகிறவர்கள் ஏராளம் என்பதால், எந்த முடிவு வந்தாலும் உங்கள் விண்ணப்பம் அதோடு முடிந்துவிடாது.

காலம் மட்டும் முக்கியம். கட்டுரை இப்போது அதை மதிப்பிடும் ஆய்விதழ் நடுவர்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திருத்திய வடிவத்தை அனுப்பும்போது, எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டால், பெயரைச் சேர்ப்பது ஒரு விளக்கக் குறிப்போடு முடிந்துவிடும். அச்சேறிய பிறகு அதற்குத் திருத்த அறிவிப்பே வெளியிட வேண்டியிருக்கும், அதற்கு யாரும் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். நேரியல் இயற்கணிதத்தை அடுத்த மாதம் தொடங்கலாம், முதுநிலை விண்ணப்பங்களை அதற்கும் பிறகு பார்க்கலாம். பேராசிரியருக்கான மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள்.